பூட்டிட்டு இழுத்துப் பாத்தியா

வாங்கடா நியாயவான்களா, உக்காருங்க. டீ சொல்லியாச்சு. முதல்ல எல்லாரும் அவங்கவங்க போனைத் தொறந்து மேசை மேல மல்லாக்க வைங்க பாப்போம். பாத்தியா, ஒருத்தன் கையும் நகரல. குளிக்கப் போறப்ப கூட போனை பிளாஸ்டிக் கவர்ல சுத்தி எடுத்துட்டுப் போற பயலுக, பொண்டாட்டி பக்கத்துல வந்தா நெருப்பைத் தொட்ட மாதிரி ஸ்கிரீனை அணைக்கிற பயலுக. விரல் ரேகை, மூஞ்சி, நம்பருன்னு பூட்டு மேல பூட்டு. உள்ள போய்ப் பாத்தா சாமி படம் போட்ட குட் மார்னிங்கும் கரண்டு பில்லும்தான் கெடக்கும். நீங்கல்லாம் சேந்து ஜெரால்டு துரோகின்னு தீர்ப்பு எழுதி, குரூப்ல இருந்து அவனைத் தூக்கிட்டீங்களாமே. எனக்காகவாம். ரொம்பப் பெரிய மனசுடா உங்களுக்கு. இப்ப நான் ஒரு கதை சொல்றேன், குறுக்க பேசாதீங்க. சண்டை, காதல், ஓடிப் போறது எதுவும் இதுல கெடையாது. ஒருத்தன் கார் பார்க்கிங்ல வெயில்ல நிக்கிறான், அவ்ளோதான். நிக்கிறவன் ஜெரால்டு. மிச்சமெல்லாம் அவன் மண்டைக்குள்ள நடக்குது. அவன் மண்டைக்குள்ள ஓடுனது உனக்கு எப்படிடா தெரியும்னு கேப்பீங்க. பாதி அவனே பின்னாடி என் ரூமுக்கு வந்து மூக்கை உறிஞ்சிக்கிட்டே சொன்னது. மீதி, மூணாங்கிளாஸ்ல இருந்து கூடத் திரிஞ்சவனுக்குத் தெரியாதாக்கும். கதையில கோந்துன்னு ஒருத்தன் ஆரஞ்சு சட்டை மாட்டிக்கிட்டு வருவான். ஆமா, நான்தான். ஆனா அவன்னுதான் சொல்லப் போறேன், இளிக்கக் கூடாது. ஜெரால்டு மண்டைக்குள்ள நான் ‘அவன்’தானே.

சைரன் அடிச்சுது. அது வரைக்கும் ஜெரால்டுக்கு நல்லா ஞாபகம் இருக்கு. மத்தியானச் சோறு முடிஞ்சு, நாலாவது மாடி மொத்தமும் ஏசிக் குளிர்ல கொட்டாவி விட்டுக்கிட்டே அமெரிக்காக்காரன் ஆஸ்பத்திரி பில்லுகளைப் பாத்துக்கிட்டிருந்த நேரம். காலையிலயே சொல்லியிருந்தாங்க, இன்னைக்குத் தீ விபத்து ஒத்திகை, சைரன் கேட்டா போட்டது போட்டபடி விட்டுட்டுப் படிக்கட்டு வழியா இறங்கணும், லிஃப்ட் ஓடாதுன்னு. போட்டது போட்டபடி. அந்த வார்த்தைதான் இப்பக் கெடந்து குடையுது. எந்திரிச்சான். தண்ணி பாட்டிலை எடுத்தான். அடையாள அட்டை கழுத்துல இருக்கான்னு தொட்டுப் பாத்தான். அப்புறம் படிக்கட்டு, முன்னாடி போறவ கொலுசுச் சத்தம், பின்னாடி வர்றவன் செண்டு வாடை, அப்புறம் இந்த வெயிலு. எந்திரிச்சதுக்கும் படிக்கட்டுக்கும் நடுவுல மட்டும் ஒரு துண்டு வெள்ளையாக் கெடக்கு. கம்ப்யூட்டரைப் பூட்டுனேனா? விண்டோஸ் பட்டன் இடது கைப் பக்கம், எல் பட்டன் வலது கைப் பக்கம், ரெண்டையும் சேத்து அமுக்கணும், ஸ்கிரீன் நீலமாகி மணி காட்டும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை செய்யுற காரியம், தொடை மேல வெரலை வெச்சா தானா அமுக்குது. ஆனா பாட்டிலை எந்தக் கையில எடுத்தேன்? வலது கையில. இப்பவும் வலது கையிலதான் இருக்கு. வலது கையில பாட்டில் இருந்தா எல் பட்டனை எவன் அமுக்குனது? அப்போ முதல்ல பூட்டிட்டு அப்புறம் பாட்டிலை எடுத்திருக்கணும். எடுத்திருக்கணும்தான். எடுத்தேனா? பாட்டிலை இடது கைக்கு மாத்திப் பாத்தான். அந்தக் கைக்கும் ஒண்ணும் தெரியல. சும்மா விட்டா அஞ்சு நிமிசத்துல அதுவாப் பூட்டிக்கும்னு ஒரு நெனப்பு வந்து குளுகுளுன்னு இருந்துச்சு. அந்த அஞ்சு நிமிசம் இன்னும் ஆகலைன்னு அடுத்த நெனப்பு வந்து அதைத் தொரத்திருச்சு.

“ஜெரால்டு அண்ணா, லாக் பண்ணிட்டுத்தான வந்தீங்க?” பிரிசில்லா கேக்குறா. இவன் டீம்தான். ஏழு மாச வயித்தோட நாலு மாடி இறங்கி வந்து, எவனோ ஒருத்தன் பைக் சீட்டுல சாஞ்சு நிக்கிறா. பக்கத்துல அன்வர், அவனும் இவன் டீம்தான், ஃபைலை விசிறியாக்கி அவளுக்கு வீசிக்கிட்டே சிரிக்கிறான். “அவர் மூஞ்சியைப் பாரு, பண்ணலை. மேல யாரு இருக்கான்னு தெரியும்ல? நாளைக்கு எல்லாருக்கும் பஃப்ஸுதான்.” ஜெரால்டும் சிரிச்சான். சிரிச்ச மாதிரி பல்லைக் காட்டுனான். பஃப்ஸ்ங்குறது அந்த ஆபீஸ்ல சாப்புடுற சாமான் இல்லை, தண்டனை. எவனாச்சும் கம்ப்யூட்டரைப் பூட்டாம எந்திரிச்சுப் போனா, பக்கத்துல இருக்குறவன் அவன் சீட்டுல போய் உக்காந்து, அவன் பேர்லயே மாடி முழுக்க மெயில் போட்டு விட்டுருவான்: அன்பர்களே, நாளை மாலை அனைவருக்கும் என் செலவில் முட்டை பஃப்ஸ். அதை நான் அனுப்பலைன்னு சொல்லக் கூடாது. அதுதான் சட்டம். உன் மெசின்ல இருந்து போனா அது நீ சொன்னதுதான், பேசாம வாங்கிக் குடுக்கணும். இதுல சாம்பியன் கோந்து. மேனேஜர் ஹேமலதா மேடத்துக்கே ஒரு தடவை பஃப்ஸ் அடிச்சவன், அந்தம்மாவும் சிரிச்சுக்கிட்டே பெட்டி பெட்டியா எறக்குச்சு. நாற்காலியில உக்காராமலே, நின்ன வாக்குல, நடந்து போற வாக்குல அடிப்பான். அந்தக் கோந்துதான் இப்ப நாலாவது மாடியில தனியா இருக்கான். ஏன்னா அவன்தான் அந்த மாடிக்குத் தீயணைப்பு வார்டன். வேற எவனும் வரலைன்னு, சத்தமாப் பேசுறவன் இவன்தான்னு, இவன் தலையில கட்டிட்டாங்க. ஆரஞ்சு சட்டை, கழுத்துல விசில். ஒவ்வொரு சீட்டாப் பாத்துக்கிட்டு, பாத்ரூம் கதவைத் தட்டி, எல்லாரையும் அனுப்பிட்டுக் கடைசியா இறங்கணும். ஒவ்வொரு சீட்டாப் பாத்துக்கிட்டு.

பஃப்ஸ்னா ஜெரால்டு சந்தோசமா வாங்கிக் குடுத்திருப்பான். ஸ்கிரீன்ல தொறந்து கெடக்குறது வேற. காலையில ஹேமலதா மேடம் கண்ணாடி ரூமுக்குள்ள கூப்பிட்டு, கதவைச் சாத்திட்டு, வேலை குறைஞ்சிருச்சு ஜெரால்டு, ஒவ்வொரு டீம்லயும் ஒருத்தரை வேலையை விட்டு அனுப்பச் சொல்லிட்டாங்க, உங்க டீமை உங்களுக்குத்தான் தெரியும், சாயந்திரத்துக்குள்ள ஒரு பேரு மட்டும் மெயில் பண்ணுங்கன்னு சொன்னுச்சு. ஒரு பேரு மட்டும். கடைக்குப் போறவன் கிட்ட ஒரு சோப்பு மட்டும்னு சொல்ற மாதிரி. வந்து உக்காந்து, அன்புள்ள மேடம், என் டீமில் இருந்துன்னு அடிச்சுட்டு அதுக்கு மேல வெரலு ஓடல. அன்வர்னு அடிச்சான். தங்கச்சிக்கு நிக்காஹ் வெச்சிருக்கான். அழிச்சான். பிரிசில்லான்னு முழுசா அடிக்கக் கூட இல்லை, வயிறுதான் முன்னாடி வந்து நின்னுச்சு. இன்னும் ரெண்டு மூணு பேரு, ஒவ்வொருத்தனுக்கும் ஒரு வீடு, ஒரு வாடகை, ஒரு அம்மா. அப்புறம் ஒரு பேரு எப்படி இருக்குன்னு பாக்குறதுக்காக, சும்மா, பாக்குறதுக்காகத்தான், கோதண்டபாணின்னு அடிச்சான். அடிச்சு முடிச்சப்ப யாரோ மாதிரி இருந்துச்சு. கோந்தை யாரு கோதண்டபாணின்னு கூப்பிட்டா? பள்ளிக்கூடத்துல வருகைப் பதிவு எடுக்குறப்ப மட்டும். அதனாலதான் அடிக்க முடிஞ்சுதோ. கோந்துன்னு அடிக்கச் சொல்லியிருந்தா கை ஓடியிருக்காதோ. இஞ்சினியரிங்கை மூணாவது வருசத்தோட விட்டுட்டு வந்தவன், பட்டம் கெடையாது, கேட்டா நான் வேலைக்காகப் படிக்கலைடா, படிக்கக் கூடாதுன்னுதான் படிச்சேன்னு சொல்லுவான், டீம்ல ரொம்ப மெதுவா பில்லு போடுறவனும் அவன்தான், ரொம்பச் சிரிக்க வைக்கிறவனும் அவன்தான். சிரிப்புக்கு மார்க்கு கெடையாது. யாரைக் கேட்டாலும் அந்தப் பேரைத்தான் சொல்லுவாங்க. யாரையும் கேக்காதது எவ்ளோ நல்லது. அந்தப் பேரைப் பாத்துக்கிட்டே இருந்தான். அழிக்கத்தான் போனான். வெரலு அழிக்கிற பட்டன் மேலதான் இருந்துச்சு. இருந்துச்சா? சைரன் அடிச்சுது.

பூட்டிட்டு இழுத்துப் பாக்கணும்டான்னு அப்பா சொல்லுவாரு. திண்டுக்கல்லுல இவங்க தெருவே பூட்டு பண்ற தெரு, காலையில கண்ணு முழிக்கிறதே எவனோ அரத்தை வெச்சு இரும்பை ராவுற சத்தத்துலதான். அந்தத் தெருவுல ஒருத்தனும் பூட்டுனதோட போக மாட்டான். பூட்டி, சாவியை உருவி, பூட்டைப் புடிச்சு ரெண்டு தடவை வெடுக்கு வெடுக்குன்னு இழுத்துப் பாத்துட்டுத்தான் நகருவான். சர்ச்சுக்குப் போற அவசரத்துலயும் அப்பா இழுப்பாரு, அம்மா பின்னாடி வந்து அவ பங்குக்கு இன்னொரு தடவை இழுப்பா, கடைசியா ரீனாக்கா இழுப்பா, கதவே கழண்டு வந்துரும் போல இருக்கும். ஜெரால்டுக்கும் அந்தக் கைதான் வந்திருக்கு. சென்னையில ரூமைப் பூட்டிட்டு இழுக்குறான், பைக்கைப் பூட்டிட்டு ஹேண்டிலை ஆட்டுறான். கம்ப்யூட்டரைப் பூட்டுனா இழுக்குறதுக்கு என்ன இருக்கு? அதுக்கும் ஒண்ணு வெச்சிருந்தான். நீலமானதுக்கப்புறம் ஸ்பேஸ் பட்டனை ரெண்டு தடவை தட்டுவான், பாஸ்வேர்டு கேக்குதான்னு பாத்துட்டுத்தான் நகருவான். இன்னைக்குத் தட்டுனானா? தட்டுன மாதிரியும் இருக்கு. அது நேத்துத் தட்டுனதா, முந்தாநாள் தட்டுனதா? தெனமும் ஒரே மாதிரி செய்யுற காரியத்துல இதுதான் சிக்கல், எல்லா நாளும் ஒண்ணு மேல ஒண்ணா ஒட்டிக்கிட்டு, இன்னைக்குள்ளதை மட்டும் தனியாப் பிரிச்சு எடுக்க வர மாட்டேங்குது. பார்க்கிங்ல செக்யூரிட்டி அண்ணன் மைக்கைப் புடிச்சுக்கிட்டு, யாரும் உள்ள போகக் கூடாது, எல்லாரும் கோட்டுக்கு அந்தப் பக்கம் நில்லுங்கன்னு கத்துறாரு. மைக் கிர்ருங்குது. அந்தக் கிர்ரு எங்கயோ கேட்ட கிர்ரு. வீட்டு யூபிஎஸ். கரண்டு போச்சுன்னா அது கிர்ரு கிர்ருன்னு அழும், அது அழுது முடிக்கிறதுக்குள்ள ஆட்டத்தை முடிக்கணும்.

ஏழாங்கிளாஸ் லீவுல அப்பா கூட்டாளி ஒருத்தரு கிட்ட பழைய கம்ப்யூட்டரை வாங்கி ஆட்டோவுல வெச்சுக் கொண்டாந்தாரு. பெரிய தொந்தி வெச்ச மானிட்டரு. ஹால்ல, மாதா படத்துக்குக் கீழ, அம்மா பூப்போட்ட துணியில அதுக்கு உறை தச்சுப் போட்டா. அது மேல கையைக் கொண்டு போனா மயிரெல்லாம் எந்திரிச்சு நிக்கும், அதுக்காகவே கோந்து அடுத்த தெருவுல இருந்து ஓடியாருவான், ஸ்கிரீன்ல கன்னத்தை வெச்சுக்கிட்டு, மாப்ள குளிருதுடாம்பான். மவுசுக்கு அடியில இருக்குற குண்டை உருட்டி எடுத்து, உள்ள ஒட்டியிருக்குற அழுக்கை நகத்தால சுரண்டுறது அவன் வேலை, அதை வேற யாரையும் செய்ய விட மாட்டான். ஒரு பிளாஸ்டிக் சேருல ஆளுக்குப் பாதி. கார் ஓட்டுற ஆட்டத்துல ஜெரால்டு வளைப்பான், கோந்து வேகத்தை அமுக்குவான். ரெண்டு பேரும் சேந்துதான் ஒரு காரு. எத்தனை தடவை செவுத்துல போய் மோதுனாலும், நீ ஒழுங்கா வளைடா, நீ மெதுவா அமுக்குடான்னு அடிச்சுக்குவானுக, உள்ள இருந்து அம்மா, டேய் ரெண்டு பேரும் வெளிய போங்கடாம்பா, போக மாட்டானுக. பெயிண்ட்ல கோந்து வாத்தியாருங்களை வரைவான். கணக்கு வாத்தியாருக்கு ஆட்டுத் தாடி, ஹெச்எம்முக்கு வாலு. அதை ரீனாக்கா தொறந்து பாத்துட்டா. பாத்ததோட இல்லாம அம்மா கிட்டயும் காட்டுனா, அம்மா பெல்ட்டை எடுத்தா, கோந்து ஜன்னல் வழியா எகிறுனான். அன்னைக்குத்தான் ரெண்டு பேரும் முடிவு பண்ணானுக, பூட்டணும். கம்ப்யூட்டரைப் போட்டதும் ஆளாளுக்கு ஒரு படம் காட்டி உள்ள விடும்ல, அதுல ரப்பர் வாத்து படம் போட்ட கணக்கு அவனுகளோடது. பாஸ்வேர்டு வெச்சா உனக்கு மட்டும் தெரியுமா எனக்கு மட்டும் தெரியுமான்னு அதுக்கும் சண்டை. ரெண்டு பேருக்கும் தெரிஞ்சா ரீனாக்கா ஜெரால்டை நாலு சாத்து சாத்தி வாங்கிருவா, அவனுக்கு அடி தாங்காது, அது தெருவுக்கே தெரியும். அதனால ஆளுக்குப் பாதி. முன்பாதி ஜெரால்டு அடிக்கணும், அப்ப கோந்து கண்ணை மூடிக்கணும். பின்பாதி கோந்து அடிக்கணும், அப்ப ஜெரால்டு செவுத்தைப் பாத்துத் திரும்பிக்கணும். கடைசி என்டர் கோந்துதான் அமுக்குவான். ஒருத்தன் பாதி இன்னொருத்தனுக்குத் தெரியாது. ஒருத்தன் இல்லாம இன்னொருத்தன் தொறக்க முடியாது. ஜெரால்டு பாதி, கப்பக்கிழங்கு. இன்னைக்கும் ஆபீஸ்ல அதான் அவன் பாஸ்வேர்டு, கம்பெனி மாசா மாசம் மாத்தச் சொல்றதால பின்னாடி ஒரு நம்பரு மட்டும் ஏறிக்கிட்டே போகுது.

அந்தக் காத்திகையில கோந்துக்கு அம்மை போட்டுருச்சு. வாசல்ல வேப்பிலை கட்டி, யாரும் உள்ள போகக் கூடாதுன்னுட்டாங்க. ஜெரால்டு வீட்டு ஹால்ல உக்காந்து கப்பக்கிழங்குன்னு அடிச்சு, அதுக்குப் பின்னாடி தோணுனதையெல்லாம் அடிச்சுப் பாத்தான். கோந்து அம்மா பேரு. அவன் சைக்கிள் பேரு. அவனுக்குப் புடிச்ச பவுலரு. அஞ்சாங்கிளாஸ்ல அவனுக்குப் பென்சில் குடுத்த புள்ள பேரு. புரோட்டா, சால்னா, முட்டை வீச்சு. எதுக்கும் வாத்து அசையல. பொறுக்க முடியாம ஒரு நாள் சாயந்திரம் கோந்து வீட்டுப் பின் ஜன்னல் கிட்டப் போய் நின்னு, டேய், உன் பாதியை மட்டும் சொல்லுடா, ஒரு ஆட்டம் ஆடிட்டுப் பூட்டிர்றேன்னான். உள்ள இருட்டுல இருந்து சத்தம் மட்டும் வந்துச்சு. “சொன்னா அப்புறம் நீ பாட்டுக்குத் தனியாத் தொறந்துக்குவ.” “தொறக்க மாட்டேன்டா, மாதா மேல சத்தியமா.” “பூட்டியே கெடக்கட்டும் மாப்ள. நான் வந்துருவேன்ல.” ஜெரால்டுக்குக் கோவம் வந்திருக்கணும். வரலை. வர்ற வழியில பொரி உருண்டை வாங்கித் தின்னுக்கிட்டே வந்தான். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டருக்கு உறையைப் போட்டு மூடுனான், கோந்து தலைக்குத் தண்ணி ஊத்தி, மூஞ்சியெல்லாம் தழும்போட வந்து சேருல பாதி கேக்குற வரைக்கும் அதைத் தொடவே இல்லை. நான் வந்துருவேன்ல. அதுக்கப்புறம் எவ்ளோ பேரு எவ்ளோ சொல்லியிருக்காங்க, எதுவும் அந்த மாதிரி காதுல ஏறலை. கொஞ்ச நாள்ல மழைக்குக் கூரை ஒழுகி அந்தப் பெட்டி வீணாப் போச்சு, காயலான் கடைக்காரன் தொந்தி மானிட்டரைத் தூக்கித் தராசுல வெச்சப்ப ரெண்டு பேரும் தெருமுனையில நின்னு பாத்துக்கிட்டிருந்தானுக. கோந்து பாதி என்னன்னு ஜெரால்டு அதுக்கப்புறம் கேட்டதே இல்லை. கேட்டா சொல்லியிருப்பான். கேக்காம இருக்குறதுலதான் ஏதோ இருந்துச்சு. வெயிலு உச்சி மண்டையில ஏறுது. இவ்ளோ நாள் கழிச்சு இப்பத்தான் தோணுது, அது என்னவா இருக்கும்?

“கோந்து அண்ணன் இன்னும் வரலையே,” பிரிசில்லா மேல பாக்குறா. மூணாவது மாடி வார்டன் வந்துட்டாரு, ரெண்டாவது வந்துட்டாரு. நாலாவது மட்டும் வரலை. அன்வர், “மேல ஒவ்வொரு மெசினாத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டிருப்பான், அவனுக்கு இன்னைக்கு ரம்ஜான்,” னு சொல்ல எல்லாரும் சிரிக்கிறாங்க. ஜெரால்டு நாலாவது மாடிக் கண்ணாடியை அண்ணாந்து பாத்தான். கண்ணாடியில வானம்தான் தெரியுது. அதுக்குப் பின்னாடி ஒரு ஆரஞ்சுப் புள்ளி நகருதா, நிக்குதா? நிக்குது. எங்க நிக்குது, என் சீட்டு அந்தப் பக்கம்தானே? இல்லை, அது எதிர்க் கட்டடத்து நெழலு. அவன் பாத்திருப்பான். பாத்தா என்ன நெனைப்பான்? முதல் நாள் இந்த ஆபீஸுக்குக் கூட்டிட்டு வந்தப்ப, கோந்து ஜெரால்டோட சட்டையைத்தான் போட்டுக்கிட்டு வந்தான், கழுத்துப் பட்டனை மூட முடியாம. இதே பார்க்கிங்ல நின்னு, மாப்ள, உள்ள இங்கிலீசுல ஏதாச்சும் கேட்டா நீ பாதி சொல்லு, நான் பாதி தலையாட்டுறேன்னான். உள்ள போய் அஞ்சே நிமிசத்துல இன்டர்வியூ எடுத்தவரையே கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிக்க வெச்சுட்டான். அவனை உள்ள கொண்டாந்ததும் நானு, வெளிய தள்ளுறதும் நானா? நான் தள்ளல. அடிச்சு மட்டும்தான் பாத்தேன். ஒரு பேரை அடிச்சுப் பாக்குறது தப்பா? அதை மேல போய் அவன் கிட்ட எப்படிச் சொல்றது, டேய் சும்மா எப்படி இருக்குன்னு பாத்தேன்டான்னா? தூக்குக் கயித்தைக் கழுத்துல மாட்டி அளவு பாத்தேன்டாங்குற மாதிரி இருக்கும். பூட்டியிருப்பேன். இவ்ளோ வருசமாப் பூட்டுன கை, இன்னைக்கு மட்டும் மறந்துருமா? பூட்டியிருப்பேன். பூட்டியிருந்தா அந்தப் பேரை அழிச்சிரலாம், மேல போன உடனே, முதல் வேலையா. அழிச்சுட்டு வேற யாரை எழுதுறது? என் பேரை எழுதுனா என்ன? அது ஏன் இவ்ளோ நேரம் தோணல? தோணுச்சு. காலையில கண்ணாடி ரூம்லயே தோணுச்சு. தோணலைன்னு அப்பவே மூடி வெச்சாச்சு. பாட்டிலைத் தொறந்து குடிச்சான். தண்ணி சுட்டுச்சு.

விசில் சத்தம். படிக்கட்டு வாசல்ல ஆரஞ்சு சட்டை. கோந்து ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு, ஜெயிச்சுட்டு வர்றவன் மாதிரி வர்றான். “நாலாவது மாடி காலிண்ணே,” செக்யூரிட்டி கிட்டச் சத்தமாச் சொல்றான். “ஒரு பல்லி மட்டும் வர மாட்டேன்னுருச்சு. அதுக்கு நைட் ஷிஃப்டாம்.” கூட்டம் சிரிக்குது. அன்வர், “யாருக்குடா பஃப்ஸ் அடிச்ச?”ங்குறான். “ஒருத்தனும் மாட்டல. எல்லாப் பயலும் திருந்திட்டீங்க, என் பொழப்பு போச்சு.” அப்படியே சொல்லிக்கிட்டு வந்து ஜெரால்டு பக்கத்துல நின்னான். வேர்வை நாத்தம், ஆரஞ்சு சட்டையோட பிளாஸ்டிக் நாத்தம். ஜெரால்டு அவன் மூஞ்சியைப் பாத்தான். அம்மைத் தழும்பு, சிரிப்பு, எப்பவும் இருக்குற மூஞ்சி. “என்ன மாப்ள, வெளிறிப் போய் நிக்கிற? நெசத் தீன்னு நெனச்சுட்டியா?” “இல்லடா. வெயிலு. ஏன் இவ்ளோ நேரம்?” “ஓசி டாய்லெட், யாருமே இல்லை, விடுவனா?” அப்புறம் ஜெரால்டு கையில இருந்த பாட்டிலை வாங்கி, மிச்சத் தண்ணியைக் குடிச்சுக்கிட்டே, வேற எங்கயோ பாத்துக்கிட்டு, “உன் பொட்டியும் பூட்டித்தான்டா கெடக்கு. நான் இழுத்தும் பாத்தேன்,” னான். ஜெரால்டு சிரிச்சான், இந்தத் தடவை நெசமாவே. கோந்து தோள்ல கையைப் போட்டான். மேல போறப்ப படிக்கட்டுல ரெண்டு ரெண்டாத் தாவுனான்.

பூட்டித்தான் கெடந்துச்சு. நீல ஸ்கிரீன், நடுவுல மணி. உக்காந்தான், அப்பாடான்னு சாஞ்சான், கப்பக்கிழங்குன்னு அடிச்சு பின்னாடி நம்பரையும் அடிச்சு என்டர் தட்டுனான். மெயில் இல்லை. அடிச்சு வெச்சிருந்த விண்டோவே இல்லை. டிராஃப்ட்ல தேடுனான், இல்லை. அனுப்புனதுல இருந்துச்சு. அன்புள்ள மேடம், என் டீமில் இருந்து கோதண்டபாணி. அவ்ளோதான், ஒரு முற்றுப்புள்ளி கூட இல்லாம போயிருந்துச்சு. எத்தனை மணிக்குப் போச்சுன்னு போட்டிருந்துச்சு, ஆனா சைரன் எத்தனை மணிக்கு அடிச்சுதுன்னு யாரு கண்டா? அந்த வெள்ளையாக் கெடந்த துண்டுக்குள்ள இதுதான் இருந்திருக்கு. சைரன் அடிச்சப்ப கை பதறி அமுக்கியிருக்கேன். இல்லைன்னா பதறாமலே அமுக்கியிருக்கேன். எது? அந்த எதுங்குறதுதான் அவனை இன்னைக்கு வரைக்கும் தூங்க விடல. ஹேமலதா மேடம் கிட்ட ஓடுனான், மேடம் அது தவறிப் போச்சுன்னான், அந்தம்மா மேல அனுப்பிட்டேனேன்னுச்சு. உன் மெசின்ல இருந்து போனா அது நீ சொன்னதுதான். ராத்திரி என் ரூமுக்கு வந்து நின்னான். நான்தான்டா அனுப்பிட்டேன், எப்படின்னே தெரியலைடான்னு செவுத்துல தலையை முட்டுனான். நான், பரவால்ல விடு மாப்ளன்னு முதுகைத் தட்டிக் குடுத்தேன். எவ்ளோ பெரிய மனுசன் பாத்தீங்களா.

டீ ஆறிப் போச்சு, குடிங்கடா. இப்ப கேளுங்க. அந்த வாத்து பாஸ்வேர்டுல என் பாதின்னு ஒண்ணு கெடையவே கெடையாது. அவனைச் செவுத்தைப் பாக்கச் சொல்லிட்டு ஷிஃப்ட் பட்டனை டொக்கு டொக்குன்னு தட்டுவேன், சத்தம் வரும், எழுத்து விழாது. அப்புறம் என்டர். கப்பக்கிழங்குன்னு மட்டும் போட்டுத் தட்டியிருந்தா எனக்கு அம்மை போட்டப்பவே தொறந்திருக்கும், அந்தப் பய ஒரு தடவை கூட அப்படிச் செஞ்சு பாக்கல. என் பாதி இருக்குன்னு அவ்ளோ நம்பிக்கை. அதை அவன் கிட்டச் சொல்லியிருக்கலாம். சொன்னா அப்புறம் எனக்கு எதுக்கு அந்தச் சேருல பாதி? அன்னைக்கு நாலாவது மாடியில அவன் மெசின் தொறந்துதான் கெடந்துச்சு. பஃப்ஸ் அடிக்கலாம்னு பல்லைக் காட்டிக்கிட்டே போனேன். என் முழுப் பேரு, பக்கத்துல கர்சர் மினுக்கு மினுக்குன்னுது. அதை அழிக்க எனக்கு நேரம் இருந்துச்சு. அப்படியே பூட்டிட்டு வந்திருந்தாலும் போதும், அவனே வந்து அழிச்சிருப்பான். அழிச்சிருக்க மாட்டானோ என்னவோ. அது அவனுக்குமே தெரியாத மாதிரி நான் பண்ணிட்டேன். நல்ல மனசுல பண்ணேன், கூட்டாளி கஷ்டப்படக் கூடாதுன்னு பண்ணேன்னு எவனாச்சும் சொன்னா டீயை மூஞ்சியில ஊத்திருவேன். கோவம்டா, சுத்தமான கோவம். முதல்ல அவனைத் திரும்பக் குரூப்ல சேருங்க, என்னைத் தூக்குறதுன்னாத் தூக்கிக்கங்க. அவன் என் பேரை அடிக்க மட்டும்தான் செஞ்சான். அனுப்புனது நான்.